எழுத்தாளரிடம் கருத்து கேட்காதீர்கள்

"இன்றைய சமூகத்துக்கு நீங்கள் சொல்ல விரும்பும் செய்தி என்ன?" எழுத்தாளர் பேட்டிகளில் இந்தக் கேள்வி எப்படியும் ஓரிடத்தில் வந்துவிடுகிறது. கேட்ட மாத்திரத்தில் எதிரே இருப்பவர் மாறிவிடுவார். சற்று நிமிர்ந்து உட்காருவார். குரல் மேடைக்கு ஏறிவிடும். அதுவரை தன் நாவலில் வரும் ஒரு கிழவியைப் பற்றித் தயங்கித் தயங்கிப் பேசிக்கொண்டிருந்தவர், திடீரென்று மனிதகுலம் முழுவதையும் பார்த்துப் பேச ஆரம்பிப்பார். சொல்வதெல்லாம் சரியாகத்தான் இருக்கும். ஆனால் அது அவர் ஏற்கெனவே பல இடங்களில் சொன்னது. அடுத்த மேடையிலும் சொல்லப்போவது.

எழுத்தாளர்களைச் சந்தித்துப் பேசி, அதைப் பதிவு செய்து, எழுதி வெளியிடுவதைச் சில வருடங்களாகச் செய்துவருகிறேன். சமூகம், அடையாளம், இயற்கை என்று பெரிய விஷயங்களில் கை வைக்கிறவர்களைத் தேடிப் போய்ப் பேசுவதுதான் எனக்குப் பிடித்தது. இத்தனை பேரோடு பேசியதில் ஒன்று மட்டும் உறுதியாகத் தெரிகிறது. பெரிய விஷயத்தை நேராகக் கேட்டால் அது வராது. ஒரு பொருளையோ, ஒரு சத்தத்தையோ, புத்தகத்தின் ஒரு பக்கத்தையோ எடுத்து முன்னால் வைத்தால் அதன் பின்னாலேயே எல்லாம் வரும்.

இதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த சாட்சி 1961-ல் சிகாகோவில் பதிவான ஒரு வானொலி உரையாடல். பேசியவர் அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின். கேட்டவர் வானொலிப் பேட்டியாளர் ஸ்டட்ஸ் டெர்க்கல். பால்ட்வினின் கட்டுரைத் தொகுப்பு ஒன்று அப்போதுதான் வெளிவந்திருந்தது. அமெரிக்காவில் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் சூடுபிடித்திருந்த நேரம். எந்தப் பத்திரிகையாளராக இருந்தாலும் "இனப் பிரச்சினைக்குத் தீர்வு என்ன?" என்றுதான் ஆரம்பித்திருப்பார். டெர்க்கல் ஓர் இசைத்தட்டைச் சுழலவிட்டார். கறுப்பின ப்ளூஸ் பாடகி பெஸ்ஸி ஸ்மித் 1927-ல் பாடிய பாட்டு. வெள்ளத்தில் வீட்டைப் பறிகொடுத்த ஒரு பெண்ணின் பாட்டு அது. கேட்டு முடித்ததும், இதைக் கேட்கும்போது உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்றார். அவ்வளவுதான் கேள்வி.

பால்ட்வின் அந்தத் தட்டை ஐரோப்பாவில் கேட்டதைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார். 1948-ல் அமெரிக்காவை விட்டு பாரிஸுக்குப் போனவர் அவர். பிறகு சுவிட்சர்லாந்தின் மலைக்கிராமம் ஒன்றில், பனிக்கு நடுவே, ஒரு தட்டச்சுப் பொறியும் பெஸ்ஸி ஸ்மித்தின் இசைத்தட்டுகளுமாக உட்கார்ந்து தன் முதல் நாவலை எழுதி முடித்தார். அமெரிக்காவில் இருந்தவரை அந்தக் குரலைத் தான் கேட்டதே இல்லை என்று 1959-ல் ஒரு கட்டுரையில் எழுதியிருக்கிறார். கறுப்பர்களைக் கேலி செய்ய வெள்ளையர்கள் எதையெல்லாம் பயன்படுத்தினார்களோ அதையெல்லாம் விட்டு விலகி நின்றவர் அவர். தர்பூசணிப் பழத்தைக்கூட வருடக்கணக்கில் தொடவில்லை. கடல் தாண்டிப் போன பிறகுதான், தன் சிறு வயதுப் பேச்சு எப்படி ஒலித்தது என்பதை அந்தத் தட்டுகள் அவருக்குத் திருப்பிக் கொடுத்தன. டெர்க்கலிடம் அவர் சொல்வது இதற்கும் ஒரு படி மேலே போகிறது. தன்னைக் கிட்டத்தட்டக் கொன்றுவிட்ட ஒரு பேரழிவைப் பற்றி அந்தப் பெண் பாடுகிறாள், அதை ஏற்றுக்கொண்டு அதைக் கடந்தும் போகிறாள், வீடு விழுந்துவிட்டது என்பதை எவ்வளவு அடக்கமாகச் சொல்கிறாள், நான் எழுத விரும்புவது இப்படித்தான் என்கிறார்.

இந்த இடத்தில் நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுவேன். ஒரே ஓர் இசைத்தட்டில் எத்தனை வந்துவிட்டது பாருங்கள். வெள்ளம் இயற்கை. அது யாருடைய வீட்டை அடித்துக்கொண்டு போகிறது என்பது சமூகம். அந்தப் பாட்டைக் கேட்கவே ஒருவன் கூசியதும், பிறகு அதிலேயே தன்னைக் கண்டதும் அடையாளம். மூன்றையும் தனித்தனித் தலைப்புகளாகப் பிரித்து, தலைப்புக்கு ஐந்து கேள்வி என்று எழுதிக்கொண்டு போயிருந்தால் இதில் ஒன்றுகூட வந்திருக்காது. முதல், கரு, உரி என்று நிலத்தையும் பொழுதையும் பறவையையும் மனிதரின் உள்ளத்தையும் சேர்த்தே பார்க்கப் பழகிய மொழியில் வாசிக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் பேட்டி என்று வந்துவிட்டால் நாமும் தலைப்பு வாரியாகத்தான் கேட்கிறோம்.

டெர்க்கல் 1952-லிருந்து 1997 வரை அந்த வானொலியில் பேசினார். நாற்பத்தைந்து வருடம். வருகிற எழுத்தாளரின் புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை படித்து, கோடு போட்டு, ஓரங்களில் குறிப்பெழுதி, அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருவார். பேட்டி எடுப்பவர் புத்தகத்தை உண்மையிலேயே படித்திருக்கிறார் என்று தெரிந்ததும் எழுத்தாளர் முகத்தில் ஒரு மாற்றம் வருமே, அதை நானும் பார்த்திருக்கிறேன். தற்காத்துக்கொள்ள வேண்டிய அவசியம் அந்த நிமிடத்தோடு போய்விடுகிறது.

நான் படிக்கும் விதத்தைச் சொல்கிறேன். முதல் முறை சும்மா வாசகனாகப் படிப்பேன். இரண்டாவது முறை பென்சிலோடு. கருத்து சொல்லும் வரிகளில் நான் கோடு போடுவதில்லை. அவற்றை எழுத்தாளரே தெளிவாகச் சொல்லிவிட்டார், நான் போய்க் கேட்க என்ன இருக்கிறது? நடை மெதுவாகிற இடங்களைத் தேடுவேன். மூன்று பக்கத்தில் பத்து வருடத்தைத் தாண்டி ஓடும் நாவல், ஒரு கதவைத் திறப்பதற்கு மட்டும் ஒன்றரைப் பக்கம் எடுத்துக்கொண்டால், அங்கே ஏதோ இருக்கிறது. அப்புறம், காரணம் சொல்லாமல் திரும்பத் திரும்ப வரும் பொருள்கள். ஒரு செருப்பு, ஒரு வாளி, ஒரு மரத்தின் பெயர். எழுதியவரே கவனிக்காமல் விட்டதாகவும் அது இருக்கலாம்.

சதுப்பு நிலம் ஒன்றைப் பற்றி எழுதிய ஒருவரோடு பேசியபோது இது நன்றாகவே கைகொடுத்தது. சுற்றுச்சூழல், வளர்ச்சி, வாழ்வாதாரம் என்றெல்லாம் அவரிடம் ஏற்கெனவே நிறையப் பேர் கேட்டிருந்தார்கள். அவருடைய புத்தகத்தில் ஒரு வரி வரும்: எந்த இடம் காலைத் தாங்கும், எந்த இடம் உள்ளே இழுக்கும் என்பது அம்மாவுக்கு மிதிக்கும்போதே தெரியும் என்று. நான் கேட்டது இதுதான்: "மிதிக்கும்போதே எப்படிங்க தெரியும்? பாதத்தில் எந்தப் பகுதியை முதலில் ஊன்றுவார்?"

அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். செருப்பைக் கழற்றினார். "குதிகாலை வைக்கவே கூடாது" என்று சொல்லி, வலது பாதத்தின் வெளி ஓரத்தை மட்டும் தரையில் வைத்தார். உடம்பின் எடை முழுவதும் பின்காலில்தான் இருந்தது. அப்படியே சற்று நின்றார். விரல்களை விரித்தார். தரை பதில் சொல்லும்வரை காத்திருக்க வேண்டும் என்றார். பிறகுதான் எடையைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் மாற்றினார். சிமெண்டுத் தரையில் அவர் நடந்து காட்டிய அந்த நாலு எட்டைப் பார்த்தபோது, எனக்கே காலுக்கடியில் ஈரம் தட்டியது போல இருந்தது.

நடந்துகொண்டேதான் அடுத்ததைச் சொன்னார். நிலத்தை அளக்க வந்தவர்கள் அம்மாவிடம், "தண்ணீர் எங்கே முடிகிறது, தரை எங்கே ஆரம்பிக்கிறது?" என்று கேட்டார்களாம். அம்மாவுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. மழைக்காலத்தில் ஓரிடம், வெயில் காலத்தில் வேறிடம், ஒரே நாளில்கூடக் காலையில் ஓரிடம், மாலையில் வேறிடம். வந்தவர்கள் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு வரைபடத்தில் அவர்களாகவே ஒரு கோடு போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய் மீன் பிடித்ததற்காக மறு வருடம் அம்மா அத்துமீறி நுழைந்தவர் ஆனார். இதைச் சொன்ன பிறகுதான் அவர் உட்கார்ந்தார். "இந்தக் கோட்டுக் கதையைப் புத்தகத்தில் எழுதவில்லையே" என்றேன். "இப்போதுதான் ரெண்டையும் சேர்த்துப் பார்க்கிறேன்" என்றார்.

இயற்கையும் அதிகாரமும் பற்றி எத்தனையோ படித்திருக்கிறேன். அந்தப் பாதத்தின் வெளி ஓரம் அளவுக்கு எதுவும் எனக்குப் புரியவைத்ததில்லை.

இயற்கையைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு ஒரு தனிச் சிரமம் உண்டு. அவர்களை எல்லோரும் சாட்சிக் கூண்டில் ஏற்றிவிடுகிறார்கள். அமெரிக்க எழுத்தாளர் ரேச்சல் கார்சனுக்கு நடந்தது அதுதான். பூச்சிக்கொல்லிகளைப் பற்றிய அவருடைய புத்தகம் 1962-ல் வந்தது. 1963 ஏப்ரல் 3 அன்று சிபிஎஸ் தொலைக்காட்சி அதைப் பற்றி ஒரு மணி நேர நிகழ்ச்சி ஒன்றை ஒளிபரப்பியது. ஒளிபரப்புக்கு முன்பே விளம்பரதாரர்கள் ஐந்து பேரில் மூன்று பேர் விலகிக்கொண்டார்கள். நிகழ்ச்சியில் ரசாயனத் தொழில் சார்பில் வந்தவர் வெள்ளை ஆய்வக அங்கி போட்டுக்கொண்டு, இந்தப் பெண் சொல்வதைக் கேட்டால் நாம் இருண்ட காலத்துக்குத் திரும்பிவிடுவோம், பூச்சிகளும் நோய்களும் பூமியை எடுத்துக்கொள்ளும் என்றார். கார்சன் தன் வீட்டில் உட்கார்ந்து, குரலை உயர்த்தாமல் பேசினார். தன் புத்தகத்திலிருந்து சில பகுதிகளைப் படித்தார். அவருக்கு அப்போது புற்றுநோய். பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது தெரியாது. மறு வருடம் ஏப்ரல் 14-ல் இறந்துபோனார். அமெரிக்காவில் டிடிடி என்ற பூச்சிக்கொல்லி தடை செய்யப்பட்டது 1972-ல்.

அந்தப் புத்தகத்தின் தொடக்கம் ஒரு கடிதம் என்பதையும் சொல்ல வேண்டும். விமானத்திலிருந்து மருந்து தெளித்த பிறகு தன் வீட்டுப் பக்கம் பறவைகள் எப்படிச் செத்துக் கிடந்தன என்று தோழி ஒருவர் 1958-ல் எழுதிய கடிதம். அலகு பிளந்து, கால் நகங்கள் மார்போடு ஒடுங்கிக் கிடந்த பறவைகள். எழுதியவர் கொள்கை எதுவும் பேசவில்லை. பார்த்ததைத்தான் எழுதினார். கார்சனை நாலு வருட உழைப்புக்குள் தள்ளியதில் அந்தப் பறவைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆகவே ஓர் எழுத்தாளர் காட்டையோ கடலையோ பற்றி எழுதியிருந்தால், அவருக்கு வந்த கடிதம் எது, அவர் பார்த்த பறவை எது என்று தேடுவதுதான் என் வேலை என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். புவி வெப்பமாதல் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்று நான் கேட்பதில்லை. அறிவியலாளர்கள் அதை அவரைவிடத் துல்லியமாகச் சொல்வார்கள்.

அடையாளம் பற்றிய கேள்விகள் இன்னும் மோசம். அமீன் மாலூஃப் லெபனானில் 1949-ல் பிறந்தவர், 1976-ல் பிரான்சுக்குப் போய்விட்டவர், பிரெஞ்சில் எழுதுகிறவர். அடையாளம் பற்றி அவர் 1998-ல் எழுதிய புத்தகம் தனக்கு வாழ்நாள் முழுக்க வந்துகொண்டிருந்த ஒரு கேள்வியிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. நீங்கள் உங்களை லெபனான்காரராக உணர்கிறீர்களா, பிரெஞ்சுக்காரராகவா? அவர் இரண்டும்தான் என்று பொறுமையாக விளக்குவார். கேட்டவரும் தலையாட்டுவார். பிறகு தோளில் கை போட்டு, அதெல்லாம் சரி, ஆனால் மனசுக்குள்ளே, அடி ஆழத்தில் எது என்பார். இந்த இரண்டாவது கேள்வியில் இருக்கும் நம்பிக்கைதான் மாலூஃபை அச்சுறுத்துகிறது. ஒரு மனிதனுக்குள் அடியில் ஒரே ஒரு உண்மை மட்டும் கிடக்கிறது, மற்றதெல்லாம் மேல்பூச்சு என்ற நம்பிக்கை. அதே நம்பிக்கைதான் ஆட்களைப் பிரித்து நிறுத்திக் கொல்லவும் வைக்கிறது என்பது அவர் வாதம். உள்நாட்டுப் போரைப் பார்த்துவிட்டு நாட்டை விட்டு வந்தவர் அதைச் சொல்லும்போது வாதம் என்று ஒதுக்கவும் முடியாது.

பேட்டி எடுக்கிறவர்கள் இந்தப் பக்கங்களை அவசியம் படிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். ஏனென்றால் தோளில் கை போட்டு இரண்டாவது கேள்வியைக் கேட்பது பெரும்பாலும் நாம்தான்.

நாவலாசிரியர் ஒருவரை எனக்குத் தெரியும். அவர் எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் அவர் பிறந்த சமூகத்தைப் பற்றி மட்டும்தான் கேட்பார்கள். அவருடைய வாக்கியங்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அவர் நாவலில் ஓர் அப்பா வருகிறார். பிள்ளைகளின் பள்ளிப் படிவங்களில் 'தாய்மொழி' என்ற இடத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு மொழியை எழுதிவைப்பார். கதையில் இது ஒரு பத்திதான். நான் கேட்டேன்: "அந்த அப்பா பொய் சொல்கிறாரா?"

பதில் உடனே வரவில்லை. அவர் ஜன்னலைப் பார்த்தார். ரெக்கார்டரில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. இப்படி ஒரு மௌனம் விழுந்தால் கேட்கிறவனுக்குப் பதற்றம் வரும். அதாவது நான் என்ன கேட்க வந்தேனென்றால் என்று கேள்வியை நாமே உடைத்து, பதிலையும் பாதி எடுத்துக் கொடுத்துவிடுவோம். அதை மட்டும் செய்யவே கூடாது. அந்த மௌனத்தில்தான் அவர் யோசிக்கிறார். நாம் அத்தனை தூரம் போனதே அதற்குத்தான்.

"இல்லை. ஒவ்வொரு பிள்ளையும் எந்த மொழியைச் சொன்னால் கொஞ்சம் குறைவாக அடிபடும் என்று அவர் கணக்குப் போட்டார்" என்றார். இன்னும் கொஞ்சம் நேரம் கழித்து, "வீட்டில் அவர் முணுமுணுக்கிற பாட்டு இருக்கே, அது எந்தப் படிவத்திலும் எழுதாத மொழி. அதை அவர் பிள்ளைகளுக்குச் சொல்லியே கொடுக்கவில்லை" என்றார். அந்த அப்பா நிஜமா கற்பனையா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பேச்சு திரும்பவும் அவர் குடும்பத்துக்கும் சமூகத்துக்கும் போயிருக்கும். நாவலை விட்டு வெளியே போயிருக்கும்.

கேட்கிறவர் வேறு ஒரு கதையை மனசில் வைத்துக்கொண்டு வருவது பற்றி பிரீமோ லெவி ஒரு சம்பவம் எழுதியிருக்கிறார். நாஜி வதைமுகாமில் இருந்து உயிரோடு திரும்பியவர் அவர். பள்ளிகளுக்குப் போய்ப் பிள்ளைகளோடு பேசுவார். ஒரு சிறுவன் முகாமின் வரைபடத்தைக் கரும்பலகையில் வரையச் சொன்னான். வரைந்தார். அவன் அதைப் பார்த்து ஆராய்ந்து, காவலாளியை இங்கே மடக்க வேண்டும், அவன் உடையைப் போட்டுக்கொள்ள வேண்டும், மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும் என்று தப்பிக்கும் வழியை விளக்கினான். மறுபடி இப்படி நடந்தால் நான் சொன்ன மாதிரி செய்யுங்கள் என்றான். லெவி அந்தப் பையன் மேல் கோபப்படவில்லை. அங்கே நடந்ததற்கும், படங்களும் புத்தகங்களும் சேர்ந்து நம் மனசில் வரைந்து வைத்திருப்பதற்கும் நடுவே இடைவெளி எவ்வளவு பெரிதாகிவிட்டது என்பதை அந்தச் சிறுவன் வழியாகக் காட்டுகிறார். பெரியவர்கள் கேட்கும் கேள்விகளிலும் அந்த இடைவெளி இருக்கத்தான் செய்கிறது. பையன் அதை ஒளிக்கவில்லை, அவ்வளவுதான்.

இதெல்லாம் சொன்னதால் எழுத்தாளரோடு முரண்படவே கூடாது என்று நான் நினைப்பதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 1970 ஆகஸ்டில் பால்ட்வினும் மானிடவியலாளர் மார்கரெட் மீடும் உட்கார்ந்து இனம் பற்றி ஏழரை மணி நேரம் பேசினார்கள். மறு வருடம் அது புத்தகமாக வந்தது. முன்னோர் செய்ததற்கு இன்று இருப்பவர் பொறுப்பா என்ற இடத்தில் இருவரும் முட்டிக்கொள்கிறார்கள். நான் செய்யாத குற்றத்தை நான் ஏற்க முடியாது என்கிறார் மீட். வரலாறு என்பது இப்போதும் நடந்துகொண்டிருப்பது, அதிலிருந்து நீங்களும் நானும் விலகி நிற்க முடியாது என்ற பக்கம் நிற்கிறார் பால்ட்வின். கடைசிவரை சமரசம் இல்லை. படிக்கும்போது ஒரு பக்கம் அவரோடும் மறு பக்கம் இவரோடும் நிற்க வேண்டியிருக்கிறது. ஒருவர் கேட்க ஒருவர் சொல்லும் பேட்டிகளைவிட இந்த மாதிரிப் பேச்சு நமக்கு இன்னும் நிறைய வேண்டும். ஆனால் அதற்கு இருவருக்கும் சமமான படிப்பு வேண்டும், நேரமும் வேண்டும். ஏழரை மணி நேரத்தைப் பத்து நிமிடக் காணொளியாக்கச் சொல்கிறவர்களிடம் இதைக் கேட்க முடியாது.

எழுதும் முறை பற்றிய கேள்விகளைச் சிலர் தாழ்வாக நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 1958-ல் பாரிஸ் ரிவ்யூ என்ற இலக்கிய இதழின் ஆசிரியர் ஜார்ஜ் பிளிம்ப்டன் அமெரிக்க நாவலாசிரியர் ஹெமிங்வேயிடம், எழுதியதை எவ்வளவு திருத்துவீர்கள் என்று கேட்டார். தன் போர் நாவலின் கடைசிப் பக்கத்தை 39 முறை திருப்பி எழுதியதாக ஹெமிங்வே சொன்னார். அப்படி என்ன சிக்கல் என்று கேட்டதற்கு, சொற்களைச் சரியாகப் போடுவதுதான் என்று பதில். 2012-ல் அந்த நாவலின் ஒரு பதிப்பு வந்தபோது, அவருடைய காகிதங்களில் கிடைத்த 47 முடிவுகளையும் பின்னிணைப்பாகச் சேர்த்திருந்தார்கள். அவர் சொன்ன எண்ணைவிடக் காகிதங்களில் கூடுதலாகவே இருந்தது. போர் தவறு என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். போர் ஒரு மனிதனிடமிருந்து எதை எடுத்துக்கொண்டது என்பதைச் சொல்ல அந்த ஒரு பக்கத்துக்கு அத்தனை முறை போக வேண்டியிருந்தது. போரைப் பற்றிய அவருடைய எண்ணம் முழுவதும் அந்தத் திருத்தங்களில்தான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

பேசி முடித்த பிறகு வரும் வேலைதான் என்னை அதிகம் உறங்கவிடாமல் செய்வது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டுக் கேட்டு எழுத வேண்டும். பேச்சில் இருக்கும் இழுவையை, பாதியில் விட்ட வாக்கியத்தை, சிரிப்பை என்ன செய்வது? எல்லாவற்றையும் அப்படியே போட்டால் அறிவாளிகூட உளறுகிற மாதிரி தெரியும். எல்லாவற்றையும் தேய்த்துச் சீராக்கினால் அவர் போய் நான் வந்துவிடுவேன். ஜெர்மன் கவிஞர் கதேயோடு பேசியதை எக்கர்மான் என்பவர் எழுதினார். முதல் இரண்டு பாகங்கள் 1836-ல் வந்தன, கதே இறந்து நாலு வருடம் கழித்து. ஒலிப்பதிவு இல்லாத காலம், நினைவையும் குறிப்பையும் வைத்து எழுதியது. அதில் கதே எவ்வளவு, எக்கர்மான் எவ்வளவு என்று இன்றுவரை பேசுகிறார்கள். ரெக்கார்டர் வந்த பிறகும் அந்தக் கேள்வி முழுதாகத் தீர்ந்துவிடவில்லை.

பெலாரூஸ் எழுத்தாளர் ஸ்வெட்லானா அலெக்ஸியேவிச் நூற்றுக்கணக்கானவர்களோடு பேசி அவர்கள் குரலிலேயே புத்தகங்கள் எழுதியவர், 2015-ல் நோபல் பரிசு பெற்றவர். சோவியத் படைகளின் ஆப்கான் போரைப் பற்றிய அவருடைய புத்தகத்துக்காக, அவரிடம் மனம் திறந்து பேசியவர்களிலேயே சிலர், மகனை இழந்த தாய்மார் உட்பட, 1990-களின் தொடக்கத்தில் மின்ஸ்க் நீதிமன்றத்துக்குப் போனார்கள். நான் சொன்னது இதுவல்ல என்றார்கள். அவர் அந்த வழக்கின் ஆவணங்களைப் பிறகு வந்த பதிப்புகளில் புத்தகத்தோடு சேர்த்துவிட்டார். அந்தப் பக்கங்களைப் படித்தால் யார் பக்கம் நிற்பது என்று சுலபத்தில் முடிவுசெய்ய முடியாது. இரவில் தனியாக இருக்கும்போது அழுது சொன்னதும், பகலில் பலர் பார்க்க நின்று சொல்வதும் ஒன்றாக இருப்பதில்லை. இரண்டையும் சொன்னது ஒரே தாய்தான்.

அதனால் நான் எழுதியதை வெளியிடும் முன் பேசியவருக்கு அனுப்பிவிடுவேன். பாரிஸ் ரிவ்யூ இதழ் 1953-ல் தொடங்கிய காலம்தொட்டு எழுத்தாளர்களை அவர்களுடைய பதில்களைத் திருத்த விட்டது. பத்திரிகை உலகில் இதைக் குறை சொல்கிறவர்கள் உண்டு. அரசியல்வாதி விஷயத்தில் அவர்கள் சொல்வது சரி. அதிகாரத்தில் இருப்பவர் சொன்ன சொல்லைத் திருப்பி வாங்க விடக்கூடாது. எழுத்தாளர் விஷயம் வேறு. அவர் யோசிப்பதே எழுதி எழுதித்தான். சதுப்பு நிலம் பற்றி எழுதியவர் என் பிரதியில் தன் வாக்கியங்களில் பாதியை மாற்றினார். எழுந்து நடந்து காட்டிய இடத்தில் மட்டும் ஒரு எழுத்தைக்கூடத் தொடவில்லை. பக்கத்தின் ஓரத்தில், அம்மா இடது காலைத்தான் முதலில் வைப்பார், நான் வலது காலை வைத்துக் காட்டிவிட்டேன், அதைக் குறிப்பாகப் போடுங்கள் என்று எழுதி அனுப்பியிருந்தார். போட்டேன்.

அடுத்து நான் பேசப்போவது காட்டில் வேலை செய்தவர் ஒருவரோடு. ஓய்வுக்குப் பிறகு எழுதத் தொடங்கி ஒரே ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். இரண்டாம் வாசிப்பில் இருக்கிறேன். புத்தகம் முழுக்க மரங்களுக்குப் பெயர் இருக்கிறது, வயது இருக்கிறது, சுற்றளவுகூட இருக்கிறது. வெட்டுவதற்கு அவரே கையெழுத்துப் போட்ட மரங்கள் வரும் அத்தியாயத்தில் மட்டும் எந்த மரத்துக்கும் பெயர் இல்லை, எண்தான் இருக்கிறது. அந்த எண்ணை மரத்தில் எதனால் எழுதுவார்கள், எந்த உயரத்தில் எழுதுவார்கள், யார் எழுதுவார் என்று கேட்டு ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறேன்.